சர்க்கரை ஆலையிலிருந்து வந்த சினிமா

2020 பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை. அலுவலகத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஆஸ்கர் விழா பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பாரசைட்’ சிறந்த படம் என்று அறிவித்தார்கள். தயாரிப்பாளர் க்வாக் ஷின்-ஏ கொரிய மொழியில் நன்றி சொல்லி முடித்ததும் மேடை விளக்குகள் மங்கின. நேரம் முடிந்தது, இறங்குங்கள் என்று அர்த்தம். முன்வரிசையிலிருந்து டாம் ஹாங்க்ஸ், சார்லீஸ் தெரோன் எல்லாம் கையை உயர்த்தி, விளக்கைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். விளக்கு திரும்பி வந்தது. போங் ஜூன்-ஹோ பேசுவார் என்று பார்த்தால் அவர் பின்னால் ஒதுங்கி நின்றார். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி மைக்குக்கு முன்னால் வந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

“யாருப்பா இந்தம்மா?” என்று நண்பர்கள் குழுவில் கேட்டேன். “காசு போட்டவங்க” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க நம்மூரில் ‘பாரசைட்’ பற்றிய பெரிய விவாதமே அது ‘மின்சார கண்ணா’ கதையா இல்லையா என்பதுதான், ஞாபகம் இருக்கலாம்.

காசு போட்டவர் பெயர் மிக்கி லீ. கொரியப் பெயர் லீ மி-கியங். சிஜே என்ற குழுமத்தின் துணைத் தலைவர். அவர் அன்று பேசியது சில வரிகள்தான். நம் மரபில் புலவர் புரவலரைப் பாடுவார், அதற்கென்று பாடாண் என ஒரு திணையே வகுத்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு அது தலைகீழாக நடந்தது. போங்கின் சிரிப்பு பிடிக்கும், அந்தக் கலைந்த தலைமுடி பிடிக்கும், பேசுவது பிடிக்கும், நடப்பது பிடிக்கும் என்று புரவலர் புலவரைப் பாடினார். பிறகு, முடியாத கனவாகத் தெரிந்தபோதும் கூட நின்ற தம்பிக்கு நன்றி சொன்னார். கடைசியாகக் கொரிய ரசிகர்களுக்கு. எங்கள் படங்களைப் பற்றி மனதில் பட்டதைத் தயங்காமல் நேராகச் சொன்னவர்கள் நீங்கள், அதனால்தான் எங்களால் மெத்தனமாக இருக்க முடியவில்லை, நீங்கள் இல்லாமல் நாங்கள் இங்கே இல்லை என்ற பொருளில் பேசி முடித்தார்.

ஒரு செல்வந்தர் குடும்பத்துப் பெண், ஏழைகள் பணக்காரர் வீட்டுக்குள் புகும் படத்துக்கான மேடையில் கடைசி வார்த்தையை எடுத்துக்கொண்டது கொரியாவிலேயே முணுமுணுப்பைக் கிளப்பியது. எளிய கிண்டல்தான். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ஆனால் ரசிகர்களைப் பற்றிய அந்த வரிகள் மனதில் தங்கிவிட்டன. மிக்கி லீயின் 25 ஆண்டு வேலையை நிறுக்க, அவரே கொடுத்த படிக்கல் அது. அதை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

*

சிஜே என்பதன் விரிவு செயில் ஜெதாங். ‘முதல் சர்க்கரை உற்பத்தி’ என்பது போல ஒரு பொருள். கொரியப் போர் ஓய்ந்த 1953-இல் புசான் நகரத்தில் லீ பியுங்-சுல் தொடங்கிய சர்க்கரை ஆலை. வர்த்தகம் மட்டும் செய்துகொண்டிருந்த சாம்சங் முதன்முதலாகப் பொருள் உற்பத்திக்குள் காலெடுத்து வைத்தது இந்த ஆலையில்தான். மாவு, சர்க்கரை, பருத்தி மூன்றையும் சேர்த்து ‘மூன்று வெள்ளைத் தொழில்கள்’ என்று கொரியர்கள் சொல்வார்கள். அமெரிக்க உதவியாக வந்த மூலப்பொருளில் ஓடியவை இவை. இன்று தென்கொரியாவின் பெரும் குடும்ப நிறுவனங்களை ‘செபோல்’ என்கிறோமே, அவற்றில் பலவும் இந்த வெள்ளைப் பொடிகளில்தான் முளைத்தன.

லீ பியுங்-சுல்லின் மூத்த மகன் லீ மேங்-ஹீ. அவருடைய மூத்த மகள்தான் மிக்கி. 1958-இல் பிறந்தவர். மூத்தவருக்கு முடிசூட்டுவதுதான் வழக்கம், ஆனால் இங்கே நடக்கவில்லை. 1966-இல் சாம்சங்கின் உர நிறுவனம் கட்டுமானப் பொருள் என்ற பெயரில் சாக்கரின் கடத்தி மாட்டிக்கொண்டது. (சர்க்கரையில் தொடங்கிய குடும்பத்தின் விதி போலி இனிப்பில் திரும்பியிருக்கிறது. இதை ஒரு நாவலில் எழுதினால் ஆசிரியர் ரொம்பத்தான் முயல்கிறார் என்று நாமே சொல்வோம்.) அந்த ஊழலுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அப்பாவின் நம்பிக்கையை இழந்து மேங்-ஹீ ஓரங்கட்டப்பட்டார். 1987-இல் சாம்சங் மூன்றாவது மகன் லீ குன்-ஹீக்குப் போனது. மிக்கிக்கு அவர் சித்தப்பா. 1993-இல் சர்க்கரை ஆலை சாம்சங்கிலிருந்து பிரியத் தொடங்கி, மூத்தவர் வீட்டின் பங்காக வந்து சேர்ந்தது. சித்தப்பாவுக்குச் செமிகண்டக்டர், அண்ணன் வீட்டுக்குச் சர்க்கரையும் மாவும்.

அங்கேயும் தலைவரானது மிக்கியின் தம்பி லீ ஜே-ஹியுன். மிக்கி அவரைவிட இரண்டு வயது மூத்தவர், ஹார்வர்டில் ஆசியவியல் படித்தவர், அங்கேயே கொரிய மொழி கற்பித்தவர். ஆனாலும் துணைத் தலைவர்தான். சிஜேயின் டிவிஎன் அலைவரிசையில் வந்த ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரை நம்மில் பலர் லாக்டவுனில் விடிய விடிய பார்த்தோம். அதன் நாயகி ஒரு செபோல் வீட்டுப் பெண். அண்ணன்களை ஒதுக்கிவிட்டு அப்பா அவளை வாரிசாக்குகிறார். அந்தத் தொடர்களின் செபோல் குடும்பங்களைப் பார்த்து நாம் ‘என்ன ஓவர் ட்ராமா’ என்கிறோம். அதை ஒளிபரப்பும் வீட்டின் கதையில் 2012-இல் எண்பது வயது அண்ணன் எழுபது வயது தம்பி மீது சொத்து வழக்குப் போட்டுத் தோற்றார்.

*

சினிமாவுக்குள் வந்த கதை இதைவிடச் சுவாரசியம். 1994-இல் கொரிய அதிபருக்குப் போன ஓர் ஆலோசனை அறிக்கை, ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படம் ஈட்டிய வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை விற்பதற்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. கார் விற்று முன்னேறிய தேசத்துக்கு இது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். உடனே எல்லா செபோலும் சினிமாப் பக்கம் திரும்பின.

அந்தச் சமயத்தில் ஸ்பீல்பெர்க், கேட்சன்பெர்க், கெஃபன் மூவரும் டிரீம்வொர்க்ஸ் தொடங்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார்கள். சாம்சங் சித்தப்பா ஸ்பீல்பெர்க்கின் வீட்டுக்கு இரவு விருந்துக்குப் போனார். அந்தச் சந்திப்பில் ‘செமிகண்டக்டர்’ என்ற சொல் இருபது தடவையாவது வந்திருக்கும், இவர்களுக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன் என ஸ்பீல்பெர்க் பிற்பாடு ஒரு பேட்டியில் நொந்துகொண்டார். பேச்சு முறிந்தது. அப்போது சாம்சங்கின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மிக்கி, தம்பியோடு சேர்ந்து அதே வாய்ப்பைச் சர்க்கரைக் கம்பெனிக்காகப் பிடித்தார். 1995-இல் 30 கோடி டாலர் முதலீடு. பதிலுக்கு ஜப்பான் நீங்கலான ஆசியாவில் டிரீம்வொர்க்ஸ் படங்களின் விநியோக உரிமை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் துறையில் ஒருவர் வாங்கும் பொருளைவிட அதோடு சேர்த்து என்ன கற்றுக்கொள்ள ஒப்பந்தம் போடுகிறார் என்பதைப் பார்ப்போம். மிக்கி லீ அங்கே வாங்கியது பங்கு என்றால் அது பாதிக் கதை. ஒரு படத்தை எப்படித் திட்டமிடுவது, எப்படி விற்பது, எந்தத் தேதியில் இறக்குவது என்கிற செய்முறை மொத்தமும் சேர்ந்து வந்தது. நாடு 1997-இன் நிதி நெருக்கடியில் சிக்கி, ஐஎம்எஃப் வாசலில் நின்றபோது, மற்ற செபோல்கள் முதலில் கைவிட்டது சினிமாவைத்தான். சாம்சங் 1999-இல் தன் படப்பிரிவைக் கலைத்தது. அதே ஆண்டில் அது பணம் போட்ட ‘ஷிரி’ வசூல் சாதனை படைத்தது. சித்தப்பாவுக்குக் கடைசிவரை டைமிங் வரவில்லை.

சிஜே தங்கியது. 1998 ஏப்ரலில் சோலின் காங்ப்யன் பகுதியில், ஓர் எலக்ட்ரானிக்ஸ் வணிக வளாகத்துக்குள், 11 திரைகளோடு நாட்டின் முதல் மல்டிபிளக்ஸைத் திறந்தது. பெயர் சிஜிவி. சி என்பது செயில் ஜெதாங், ஜி ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட், வி ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோ. இரண்டு கூட்டாளிகளும் பிற்பாடு விலகிப் போனார்கள், எழுத்துகள் மட்டும் பெயர்ப்பலகையில் நின்றுவிட்டன. அடுத்தடுத்து லோட்டே வந்தது, அது சூயிங்கம்மில் பிறந்த குழுமம். மெகாபாக்ஸ் வந்தது, அதை நடத்தியது சோகோ பை விற்கும் ஓரியன். ஆக, இருபத்தோராம் நூற்றாண்டுக் கொரிய சினிமா நின்றது சர்க்கரை, சூயிங்கம், சாக்லேட் என்ற மூன்று தின்பண்டக் கடைகளின் மேல். நாம் ‘ஓல்ட்பாய்’ காலத்துக் கொரியப் படங்களின் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். முதலீடு இனிப்பு.

இந்தப் பணம் என்ன செய்தது? 1993-இல் கொரிய டிக்கெட் சந்தையில் கொரியப் படங்களின் பங்கு சுமார் 16 சதவீதம். 2001-இல் பாதியைத் தொட்டது. இதற்குத் திரையரங்குகள் ஆண்டுக்கு இத்தனை நாள் கொரியப் படம்தான் ஓட்ட வேண்டும் என்ற ஒதுக்கீட்டுச் சட்டமும், அதற்காகத் தெருவில் இறங்கிய இயக்குநர்களும் காரணம். அதை மறந்துவிட்டு மிக்கி லீ ஒற்றையாளாகக் கொரிய சினிமாவைத் தூக்கி நிறுத்தினார் என்று எழுதும் வணிகப் பத்திரிகைப் பாணி எனக்கு ஒப்பாது. ஆனால் இரண்டு படம் எடுத்து இரண்டும் படுத்துப்போன பார்க் சான்-வூக்கின் மூன்றாவது படம் ‘ஜேஎஸ்ஏ’வை 2000-இல் விநியோகித்தது சிஜே. முதல் படம் ஓடாத போங் ஜூன்-ஹோவின் இரண்டாவது படம் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ 2003-இல் அவர்கள் வழியாக வந்தது. கடைசிவரை கொலைகாரன் பிடிபடாத துப்பறியும் படம். எந்தக் கதை விவாத அறையிலும் “சார், கிளைமாக்ஸ் எங்க?” என்று கேட்பார்கள். அதை ஐம்பது லட்சம் பேர் பார்த்தார்கள். தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு தருவது, முடிவில்லாத கதையை முடிவில்லாமலே திரைக்கு அனுப்புவது, இந்த இரண்டும் பணக்காரர்கள் அபூர்வமாகச் செய்கிற காரியங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிஜே பணத்தில் போங் எடுத்த ‘ஸ்னோபியர்சர்’, ‘பாரசைட்’ இரண்டும் வர்க்கத்தைப் பற்றிய படங்கள். ‘ஸ்னோபியர்சரில்’ ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கிற ஏழைகளுக்குக் கறுப்பு ஜெல்லி மாதிரி ஒரு புரதக்கட்டி தருகிறார்கள். அது பூச்சிகளை அரைத்துச் செய்தது என்பது நடுவில் தெரியவருகிறது. நாட்டின் மிகப்பெரிய உணவு நிறுவனங்களில் ஒன்று இதற்குப் பணம் போட்டிருக்கிறது! இதை முதலாளித்துவத்தின் பெருந்தன்மை என்று வியக்கலாம், எதிர்ப்பையும் அது பொட்டலம் கட்டி விற்றுவிடும் என்று சலித்துக்கொள்ளலாம். இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமான வாசிப்பாகப் படுகிறது. அந்தப் படங்களின் கோபம் வீட்டின் மீதும் ரயிலின் மீதும் இருக்கிறது. அந்தப் படங்கள் ஓடும் திரையரங்கு யாருடையது என்ற கேள்வி அவற்றுக்கு வெளியே நிற்கிறது. புரவலர் எதை அனுமதித்தார் என்பதைவிட, எந்த இடத்தில் அனுமதி தேவைப்படவே இல்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

*

அனுமதிக்கு விலை இருந்தது என்பதும் உண்மை. 2012 அதிபர் தேர்தல் நேரத்தில் சிஜேயின் ‘மாஸ்கரேட்’ வந்தது. ஜோசன் காலத்து அரசர் ஒருவருக்குப் பதிலாக ஒரு கோமாளி சிம்மாசனத்தில் உட்கார்ந்து, அரசனைவிட நல்லவனாக ஆள்கிற கதை. மறைந்த அதிபர் ரோ மூ-ஹியுனைப் பலருக்கும் அது நினைவூட்டியது. எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே-இன் அதைப் பார்த்து அழுதார் என்று செய்தி வந்தது. கூடவே டிவிஎன்னின் ‘எஸ்என்எல் கொரியா’ நிகழ்ச்சி, டெலிடப்பீஸ் பொம்மை வேடத்தில் எல்லா வேட்பாளர்களையும், வெல்லப்போகிற பார்க் குன்-ஹேயையும் சேர்த்து, வாரா வாரம் கிண்டலடித்தது.

பார்க் வென்றார். 2013-இல் அதிபர் மாளிகையின் பொருளாதாரச் செயலாளர், மிக்கியின் தாய்மாமனும் குழுமத்தின் மூத்த தலைவருமான சோன் க்யங்-ஷிக்கிடம், மிக்கி விலக வேண்டும், அது அதிபரின் விருப்பம் என்று சொன்னார். தொலைபேசியில் மறுபடி அழுத்தினார். அந்த உரையாடல் பதிவாகியிருந்தது. 2016 இறுதியில் தொலைக்காட்சியில் ஒலிபரப்பானது. அதே காலத்தில் வெளிவந்த, 9,000-க்கும் மேற்பட்ட கலைஞர்களின் கறுப்புப் பட்டியலில் போங்கும் பார்க் சான்-வூக்கும் நடிகர் சோங் காங்-ஹோவும் இருந்தார்கள். இதற்கிடையில், 2013-இலேயே தம்பி ஜே-ஹியுன் வரி ஏய்ப்பு, கையாடல் வழக்கில் கைதானார். மிக்கி 2014-இல் உடல்நலத்தைக் காரணம் சொல்லி அமெரிக்கா போய்விட்டார். தம்பி 2016 சுதந்திர தினத்தில் பொதுமன்னிப்பு பெற்றார். பார்க் குன்-ஹே பதவி இழந்த பின் அந்தச் செயலாளரை நீதிமன்றம் குற்றவாளி என்றது.

இந்தக் கதையை ‘கலைக்காக நின்ற வீராங்கனை’ என்று சொல்லும் ஆசை இயல்பானது. அதைக் கெடுப்பதற்கு 2014 டிசம்பர் ஒன்று போதும். அப்போது சிஜே வெளியிட்ட ‘ஓட் டு மை ஃபாதர்’, தேசத்தைக் கட்டிய தியாகத் தந்தையரின் கதை. அடுத்த மாதம் பார்க் குன்-ஹே திரையரங்குக்குப் போய் அதைப் பார்த்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். ஒரே கம்பெனியின் இரண்டு படங்கள், எதிரெதிர் அரசியல்வாதிகள் இருவரின் கண்ணீர். கம்பெனிக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால் அது அழவைப்பதுதான்.

ஆனாலும் அந்தத் தொலைபேசி அழைப்பு எனக்கு ஒன்றைச் சொல்கிறது. ரசிகர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது ஓர் அரசை நடுங்கவைக்கிற விஷயமாக இருந்தது. மிக்கி லீ அந்த மேடையில் நன்றி சொன்னது அந்த ரசிகருக்கு. சரி, அவருடைய கம்பெனி அந்த ரசிகரை எப்படி நடத்தியது?

*

ஒரே குழுமம் படத்துக்கு முதலீடு செய்கிறது, விநியோகிக்கிறது, திரையிடும் அரங்கையும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1948-இலேயே உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களிடமிருந்து திரையரங்குகளைப் பிரித்தது. கொரியாவில் அப்படி ஒரு பிரிப்பு நடக்கவில்லை. தங்கள் படங்களுக்கே சலுகை காட்டியதாக 2014-இல் நியாய வர்த்தக ஆணையம் சிஜேக்கும் லோட்டேக்கும் அபராதம் விதித்தது. நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது.

சட்டத்தை விடுங்கள், அன்றாடம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். பெரிய படம் வெளியாகும் வாரம் சின்னப் படத்துக்குக் காலை எட்டு மணிக் காட்சியும் நள்ளிரவுக் காட்சியும் கிடைக்கும். நடுவில் உள்ளதெல்லாம் பெரிய படத்துக்கு. இப்படி விட்டுவிட்டுக் காட்சி தருவதற்குக் கொரியர்கள் ‘போங்டாங் போங்டாங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூழாங்கல் தண்ணீரில் விழும் ஓசை. நம் மொழியில் ‘தொபுக், தொபுக்’ என்று வைத்துக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்கு யார் வருவார்கள்? இருக்கைகள் காலியாக இருக்கும். காலியாக இருக்கிறதே என்று அடுத்த வாரம் அந்த இரண்டு காட்சியையும் எடுத்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் இதை நன்றாகத் தெரியும். பட்டனை யாருக்கும் தெரியாத மூலையில் வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து டாஷ்போர்டைக் காட்டி, “இந்த வசதிய யாருமே பயன்படுத்தல, தூக்கிடலாம்” என்று சொல்வோம். தரவு பொய் சொல்லவில்லை. ரசிகர் ‘நேராகக் கருத்துச் சொன்ன’ மாதிரியே இருக்கும்.

2017 ஜூலையில் சிஜேயின் ‘பேட்டில்ஷிப் ஐலேண்ட்’ முதல் நாளே 2,000-க்கும் மேற்பட்ட திரைகளில் இறங்கியது. நாட்டின் மொத்தத் திரைகளில் பெரும்பகுதி. இங்கே ரசிகர்கள் உண்மையிலேயே முகத்துக்கு நேரே பேசினார்கள். எங்கே திரும்பினாலும் இதே படமா என்று கொந்தளித்தார்கள். மதிப்பெண்களை இறக்கினார்கள். எதிர்பார்த்த வசூலுக்குப் படம் போகவில்லை. அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. போங்கின் ‘ஓக்ஜா’வை நெட்ஃபிளிக்ஸ் இணையத்திலும் அரங்கிலும் ஒரே நாளில் வெளியிட்டது. சிஜிவி, லோட்டே, மெகாபாக்ஸ் மூன்றும் திரையிட மறுத்தன. கலைந்த தலைமுடியைப் பிடிக்கும்தான், ஆனால் அரங்குக் கதவு என்று வரும்போது அது வேறு டிபார்ட்மெண்ட். சோலில் தனி அரங்குகளைத் தேடிப் போய் ரசிகர்கள் ‘ஓக்ஜா’ பார்த்தார்கள்.

இதைக்கூட வணிகம் என்று கடந்துவிடலாம். அடுத்தது அப்படிக் கடக்க முடியாதது.

சிஜேயின் இசை அலைவரிசை எம்நெட், ‘புரொடியூஸ் 101’ என்ற வரிசையை நடத்தியது. நூறு பயிற்சிப் பாடகர்கள், ரசிகர்கள் வாக்களிப்பார்கள், மேலே வருகிறவர்கள் ஒரு குழுவாக அறிமுகமாவார்கள். பார்வையாளரைத் ‘தேசியத் தயாரிப்பாளர்’ என்றே அழைத்தார்கள். அதாவது நிகழ்ச்சியின் முதலாளி நீங்கள்தான். 2019 ஜூலையில் நான்காவது பருவத்தின் இறுதிச்சுற்று முடிந்தது. வாக்கு எண்ணிக்கை திரையில் வந்தது. ரசிகர்கள் அதை எக்செலில் போட்டுப் பார்த்தார்கள். அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான வித்தியாசமாக 29,978 என்ற எண் மறுபடி மறுபடி வந்தது. யாரோ இன்னும் கொஞ்சம் தோண்டி, எல்லாருடைய வாக்குகளும் 7,494.442 என்ற எண்ணின் மடங்குகளாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதை நான்கால் பெருக்கினால் 29,977.8, முழுமையாக்கினால் 29,978. புரிகிறதா? லட்சக்கணக்கான மனிதர்கள் தனித்தனியாக அழுத்திய வாக்குகள் இப்படி ஒரு வாய்ப்பாட்டில் உட்காரவே உட்காராது. யாரோ முதலில் இவனுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதிவிட்டு, பிறகு மொத்தத்தால் பெருக்கியிருந்தால்தான் உட்காரும்.

இதைப் படித்த இரவு நானும் அந்தப் பட்டியலை இறக்கிப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு பிழையைத் துரத்திக் கண்டுபிடிக்கும்போது எங்களுக்கு வருகிற மகிழ்ச்சி உண்டு, அது வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இதைக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பெண்களாக இருக்கும். ‘ஃபேன் கேர்ள்’ என்று நாம் ஏளனமாகச் சொல்கிற அதே கூட்டம். தொலைக்காட்சி நிர்வாகம் சதவீதக் கணக்கில் தசமத்தை முழுமையாக்கியதால் வந்த சிக்கல் என்று விளக்கம் சொல்லிப் பார்த்தது. அந்தப் பெண்கள் விடவில்லை. பணம் திரட்டி வழக்கறிஞர் வைத்துப் புகார் கொடுத்தார்கள். நவம்பரில் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்கள் கைதானார்கள். டிசம்பர் இறுதியில் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பொதுவெளியில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். 2020-இல் முதன்மைத் தயாரிப்பாளருக்கு இரண்டு ஆண்டு சிறை. நான்கு பருவங்களிலும் கைவைத்திருந்தார்கள் என்று தெரியவந்தது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். டிசம்பர் இறுதியில் மன்னிப்பு. பிப்ரவரி தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில், தயங்காமல் கருத்துச் சொன்ன ரசிகர்களுக்கு நன்றி. மிக்கி லீக்கு இந்த மோசடியில் தொடர்பு உண்டு என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. நானும் சாட்டவில்லை. அவர் அந்த வரிகளை மனதாரச் சொன்னார் என்றே நம்புகிறேன். என் சிக்கலும் அதுதான். ரசிகரின் நேர்மையான வாய்தான் தங்களைக் கூர்மையாக்கியது என்பது அவர் அனுபவத்தில் உண்மை. 2000-இலும் 2003-இலும் அது நடந்தது. அந்த வெற்றியில் வளர்ந்த இயந்திரம், ரசிகர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் என்ன சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்யும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஓர் இடத்தில் காலை எட்டு மணிக் காட்சியாக, இன்னோர் இடத்தில் 7,494.442 ஆக. ‘பாரசைட்டை’ உருவாக்கியதும் இதே இயந்திரம்தான் என்பதால் என்னால் இதைச் சுலபமாகத் திட்டவும் முடியவில்லை. இன்றைக்கு முதல் படம் ஊற்றிக்கொண்ட ஒரு முப்பது வயது இயக்குநர், கொலைகாரன் கிடைக்காத கதையோடு அந்தக் கட்டடத்துக்குள் போனால் லிஃப்ட் எந்த மாடிவரை போகும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொரோனாவில் அரங்குகள் காலியாயின. ‘ஸ்க்விட் கேம்’ நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எந்தக் கொரிய அலைவரிசைக்கும் அதில் பங்கில்லை. சிஜே ஓர் அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனத்தைப் பெரும் விலைக்கு வாங்கி, ஃபிஃப்த் சீசன் என்று பெயர் மாற்றியது. மிக்கி லீ லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் அகாடமி அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவில் அமர்ந்தார். பார்க் சான்-வூக்குக்கு இன்னும் அவர்கள்தான் பணம் போடுகிறார்கள். போங்கின் ‘மிக்கி 17’ ஹாலிவுட் ஸ்டுடியோ படம். பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.

2020 நவம்பரில் சோல் உயர் நீதிமன்றம் ‘புரொடியூஸ்’ வழக்கின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. பொதுவாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெயரை நீதிமன்றங்கள் மறைக்கும். இங்கே நீதிபதி நேர்மாறாகச் செய்தார். உண்மையான வாக்குகளின்படி மேலே வந்திருக்க வேண்டிய, ஆனால் வெளியேற்றப்பட்ட 12 இளைஞர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் நியாயம் அதுவே என்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் சிலர் அதற்குள் பாடுவதையே விட்டிருந்தார்கள்.